மாஸ்டர் நடந்த முப்பத்தெட்டு கிலோமீட்டர்

மாஸ்டர் கடலோரமாக முப்பத்தெட்டு கிலோமீட்டர் நடக்கப் போகிறார் என்கிற விஷயம், நடக்கப் போகிற மாஸ்டருக்கே, பேர் கொடுத்த அன்று காலை பத்து மணிவரைக்கும் தெரியாது.

எல்லாம் மச்சினனால் வந்தது. போன வருஷம் வாங்கிய மெடலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றான். வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற நடை அது. துறைமுகத்தில் விடியும்போது கிளம்ப வேண்டும். மணலோ பாறையோ, கடலை ஒட்டியே நடந்து பொழுது சாய்வதற்குள் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் நாலு கூடாரம். நாலிலும் அட்டையில் சீல் வாங்கினால்தான் மெடல்.

"எனக்கு இந்த வருஷம் டியூட்டி மாமா. வீட்லேருந்து ஒருத்தராவது போனா நல்லா இருக்கும். உங்களைச் சொல்லலை. உங்களால எங்க முடியும்?"

அவ்வளவுதான். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னால முடியாதா? டேய், நான் இருபத்தஞ்சு வருஷமா ஷூ தைக்கிறவன். இந்த ஊர்ல யார் எப்படி நடக்கிறான்னு எனக்குத் தெரியும். என் ஷூவைப் பார்த்திருக்கியா? ரெண்டு வருஷமா ஒரே ஹீல். இடதும் வலதும் ஒரே மட்டம். நடைன்னா அப்படி இருக்கணும்! எழுதுடா என் பேரை!"

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேடீஸ் செருப்பு ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. "முட்டி?" என்றாள்.

ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒன்றரை வருஷத்துச் சண்டை இருந்தது. மாஸ்டரின் இடது முட்டி மாடிப்படி ஏறினால் கடகடக்கும், இறங்கினால் கத்தும். டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. மாஸ்டர் அசைய மாட்டார். நாள் முழுக்கக் கையில் ஊசி பிடிக்கிற மனுஷர்தான். அதே ஊசி டாக்டர் கைக்குப் போனால் அவருக்குக் கண் இருட்டும். போதாக்குறைக்கு அந்த டாக்டர் முட்டியைக் கண்டாலே அறுத்துவிடுவார் என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள்.

"முட்டியாவது மண்ணாங்கட்டியாவது! இப்பவே சொல்றேன், கேட்டுக்கோ. முப்பத்தெட்டும் நடந்து முடிச்சுட்டேன்னா, டாக்டர், ஊசிங்கிற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது."

"முடிக்கலைன்னா?"

"நீ சொல்ற டாக்டர்கிட்ட, நீ சொல்ற நாள்ல, வாயைத் திறக்காம வர்றேன். போதுமா?"

"தம்பி, நீதான் சாட்சி," என்று சொல்லிவிட்டு அவள் பசை தடவுவதைத் தொடர்ந்தாள்.

இந்த இடத்தில் மாஸ்டரின் அம்மணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தைப்பது மாஸ்டர் வேலை. வருகிற ஷூவை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பது அவள் வேலை. பார்த்த மாத்திரத்தில், "சார், வலது தோள்லதானே கனமான பை மாட்டுவீங்க?" என்பாள். "உங்களுக்கு இடுப்பு வலி இருக்கே, கவனிக்கிறதில்லையா?" என்பாள். ஆட்கள் மிரண்டு போவார்கள். "நான் எங்கங்க சொன்னேன், ஹீல்தான் சொல்லுது," என்று சீட்டை நீட்டுவாள்.

மூன்று வாரம் ஓடியது. மாஸ்டர் தன் பழுப்பு நிற ஷூவுக்குப் புது சோல் ஒட்டினார், புது ஹீல் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போது துறைமுகத்தில் முன்னூறு பேருக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். யார் என்ன சொன்னாலும் சரி, மனுஷர் நடந்தார். நிஜமாகவே நடந்தார். முதல் கூடாரத்தில் சீல் வாங்கியபோது பாட்டுக்கூடப் பாடினார். ஏழாவது கிலோமீட்டரில் பாட்டு நின்றது. எட்டில் முட்டி கடகடத்தது. ஒன்பதில் கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மணலில் இடது காலை இழுத்து இழுத்து, பதினோராவது கிலோமீட்டரில் இருந்த இரண்டாவது கூடாரத்தில் சீல் வாங்கியபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, பாவம்.

இன்னும் இருபத்தேழு. கூடாரத்துக்குப் பின்னால் நாலு மரம். மரத்துக்குப் பின்னால் ரோடு. ரோட்டில் ஒரு பஸ், யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

மாஸ்டர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். டாக்டரை நினைத்தார். ஏறிவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது. சீல் கிடைத்துவிடும், அதில் கவலையில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அவள் ஷூவைக் கவிழ்ப்பாளே! முப்பத்தெட்டு கிலோமீட்டர் நடந்த சோல் இப்படியா பளபளவென்று இருக்கும்?

தொழில்காரர் சட்டைப்பையில் உப்புத்தாள் எப்போதும் இருக்கும். மாஸ்டர் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "என்ன சார் பண்றீங்க?"

"நடந்துக்கிட்டிருக்கேன்," என்றார் மாஸ்டர். பெரியவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் தேய்த்தார் பாருங்கள், அப்படியொரு தேய்ப்பு! இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், பாறையில் பட்ட மாதிரி இரண்டு கீறல். வேலை என்று வந்துவிட்டால் அவர் கை ஏனோதானோவென்று எதையும் விடாது. இடது ஹீலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பார்க்கவே அசிங்கமாக இருந்ததால், மற்ற பக்கத்தையும் அதே அளவுக்குத் தேய்த்து மட்டமாக்கினார். பிறகு மூன்றாவது கூடாரம் அருகே இறங்கி ஒரு சீல். அடுத்த பஸ். ஒரு டீக்கடையில் நாலு மணி நேரம், ஏழு டீ. கடைசிக் கூடாரத்துக்குப் போகும்முன் முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வையாக்கி, இரண்டு ஷூவிலும் ஒவ்வொரு பிடி மணல் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஐந்தரைக்குக் கழுத்தில் மெடல் ஏறியது.

வீட்டில் ராஜ மரியாதை. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் காலை உள்ளே விட்டுக்கொண்டு சரடு விட ஆரம்பித்தார்.

"பதினெட்டாவது கிலோமீட்டர்ல ஒரு பாறை. ஆள் உயரம் இருக்கும். கையை ஊனி ஒரே தாவு!"

"அப்படியா!"

"இருபத்தஞ்சுல அலை இடுப்பு வரைக்கும். சின்னப் பசங்கள்லாம் நின்னுட்டாங்க. நான் நிக்கலையே!"

"உட்கார்ந்துட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? நடந்தேன்!"

"சும்மா கேட்டேங்க. ஷூவுல மணல் இருக்கும், உதறிட்டு வர்றேன்."

வாசலில் உதறினாள். பிறகு, கடைக்கு வருகிற எந்த ஷூவையும் பார்க்கிற மாதிரியே, விளக்குக்கு அடியில் கவிழ்த்துப் பார்த்தாள். மாஸ்டர் உள்ளே உட்கார்ந்தபடி நிம்மதியாகக் காலை ஆட்டினார். எத்தனை ஷூ பார்த்த கண்ணாயிருந்தால் என்ன, செய்தவர் மாஸ்டர் ஆயிற்றே.

"என்னங்க, ஷூ மாறிப்போச்சு போலிருக்கே?"

"என்னோடதுதான். நல்லாப் பாரு."

"உங்களோடது இல்லைங்க. இந்த ஆள் ரெண்டு காலையும் சமமா ஊனி நடக்கிறார். முட்டியில ஒரு தொந்தரவும் இல்லாத மனுஷன். கொடுத்து வச்சவர்."

மாஸ்டரின் கால் ஆடுவது நின்றது. "என் நடையே அப்படித்தானே? ரெண்டு வருஷமா என் ஹீல் தேய்ஞ்சு பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன்," என்றாள் அவள். ஷூவோடு உள்ளே வந்து அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். இடது ஹீல், வெளி ஓரம், கரைஞ்சு போயிருக்கும். நீங்க மத்தியானம் தூங்கும்போது நான்தான் மாத்தி ஒட்டறேன். ரெண்டு வருஷத்துல எட்டு ஹீல். ஒரே மட்டமா இருந்தா காலுக்குக் கொஞ்சம் சுகமா இருக்குமேன்னு."

மாஸ்டர் ஷூவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். ஊரில் இருக்கிற அத்தனை பேர் நடையும் அவருக்குத் தெரியும். தன் நடை மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"எங்கே ஏறினீங்க?"

"ரெண்டாவது கூடாரம்," என்றார் மாஸ்டர், வெந்நீரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா பதினொண்ணு நடந்தேன். அது சத்தியம். இடது ஹீல்கூட ஓரமாத் தேய்ஞ்சிருந்தது. நான்தான் அசிங்கமா இருக்கேன்னு..."

"நடந்த சாட்சியையும் சேர்த்துத் தேய்ச்சுட்டீங்களா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. குனிந்து அவர் வேட்டியை முட்டிக்கு மேல் ஒதுக்கினாள். முட்டி வீங்கிக் கிடந்தது. மெதுவாகக் கையை வைத்தாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா பதினோரு கிலோமீட்டர்? அந்த டாக்டர்மேல அவ்வளவு பயமாங்க?"

"ரொம்ப," என்றார் மாஸ்டர்.

"நான் கூட வர்றேன். கையைப் பிடிச்சுக்கிறேன். போதுமா?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். மெடலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இதை நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"நாளைக்கு முடியாது. செவ்வாய்க்கிழமை குடுங்க."

"ஏன், நாளைக்கு என்ன?"

"காலையில பத்து மணிக்கு டாக்டர்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவர்கிட்ட நேரம் கிடைக்கவே மூணு வாரம் ஆகுமாமே!"

"ஆச்சே. நீங்க நடைக்குப் பேர் குடுத்த அன்னிக்கே நான் அங்கே உங்க பேரைக் குடுத்துட்டேன்." அவள் ஷூவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பயப்படாதீங்க, நடக்க வேண்டாம். பஸ்லயே போயிடலாம். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."