மிதியை நிறுக்கும் தராசு

"வாரப்பத்தானுங்க பாயுது. போறப்ப நல்லாத்தான் போவுது," என்றாள் சாரதாமணி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு.

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். மல்லசமுத்திரத்துப் பருத்தி மண்டித் தராசுகளெல்லாம் அவர் கைபட்டவை. தராசு பழுதுபார்க்கும் கடை படுத்துக்கிடந்த இரண்டு வருடமும், மனைவி சாரதாமணிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்த சத்துணவுக்கூட வேலைதான் அடுப்பை எரியவிட்டது. அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அவளுக்கு முட்டிவலி வந்ததும் பழைய பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கினார்.

அது ஒரே வேகத்தில் இழுத்தது; அவள் பயந்தாள். ஆகவே ஒரு பழைய தராசில் எடையை உணரும் லோடுசெல்லைக் கழற்றிச் சைக்கிள் சங்கிலியின் அடியில் பொருத்தினார். கால் அழுத்த அழுத்தச் சங்கிலி விறைக்கும். அதை லோடுசெல் நிறுக்கும். அதற்குத் தக்கபடி மோட்டார் இழுக்கும்.

பாய்கிறது என்றாளே என்று இழுவையைக் குறைத்துவைத்தார்.

மறுநாள், "வாரப்ப நல்லாருக்குதுங்க. போறப்பத்தான் இழுக்கவே மாட்டீங்குது. முட்டி ரெண்டும் கழண்டுபோச்சு," என்றாள்.

வீடு திரும்பும் சாயங்கால வெயிலில் லோடுசெல் சூடாகிறதோ என்று ஈரச்சாக்கைச் சுற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கி, சாய்த்துவைத்த சைக்கிள் ஆளில்லாமல் கிளம்பிக் கோழிக்கூண்டை முட்டியது. நான்கு கோழிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின.

அடுத்த சந்தேகம் மனைவி மேல் விழுந்தது.

"ஏம்புள்ள, மத்தியானம் பள்ளிக்கூடத்துல எவ்வளவு சாப்படற?"

"கேக்கற கேள்வியாங்க இது?"

அவர் விடவில்லை. காலையிலும் மாலையிலும் அவளைத் தராசில் ஏற்றினார். காலையில் ஐம்பத்தொரு கிலோ இருநூறு. மாலையில் ஐம்பத்தொன்று. முத்திரை போட்ட தராசு. அதைச் சந்தேகிக்க முடியாது.

கடைசியாக, கால் அழுத்துவதையெல்லாம் குறித்துவைக்கும் மின்சில்லு ஒன்றையும் சேர்த்தார். காலையில் பதினாலு கிலோவைத் தாண்டவில்லை. மாலையில் முப்பத்துமூன்று. அன்றும் அப்படியே, அடுத்த நாளும் அப்படியே.

"உடுங்க," என்றாள் சாரதாமணி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்தபடி. "இந்த மாசத்தோட வேலைய உட்டுர்றேன். இது தாங்காதுங்க."

வெள்ளியங்கிரி எழுந்து வாசலுக்குப் போனார். திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "அர்த்தநாரீஸ்வரா, எனக்குப் பேர் வேண்டாம். இவ முட்டிக்கு ஒரு வழிகாட்டு."

ஞாயிறு காலையில், அந்த லோடுசெல்லைப் பிடுங்கி எறிந்துவிடுவதென்று ஸ்பானரோடு உட்கார்ந்தார். சாரதாமணி மாவு மில்லுக்குப் போயிருந்தாள்.

"அம்மிணி இருக்காங்களா?"

வாசலில் நல்ல கட்டுமஸ்தான பெண் ஒருத்தி, கையில் பால் தூக்குப்போசியோடு நின்றாள்.

"நானுங்க பொன்னாயி. அம்மிணியோட சத்துணவுல வேலை செய்யறவ. கோயிலுக்குப் பக்கத்து வீதிதானுங்க. பால் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அவள் பார்வை ஸ்பானர் மேல் விழுந்தது. "அத ஏனுங்க கழட்டறீங்க?"

"பொய் சொல்லுதும்மா. காலைல மிதிச்சா பதினாலு கிலோங்குது, சாயங்காலம் முப்பத்திமூணுங்குது. ஒரே பொம்பள, ஒரே காலு. இருவத்தெட்டு வருசத்துல என்னை ஏமாத்துன தராசு இது ஒண்ணுதான்."

பொன்னாயி தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவள்போலத் தரையைப் பார்த்தாள்.

"தராசு சரியாத்தானுங்க சொல்லுது சாமி, காலைல மிதிக்கறது உங்க ஊட்டம்மா, சாயங்காலம் மிதிக்கறது நானு — தென்னமரத்துல உழுந்து படுத்துக்கெடக்கற எங்க ஊட்டுக்காரருக்கு நான் நேரத்தோட கஞ்சி ஊத்தட்டும்னு, தெனமும் வண்டிய எங்கிட்டக் குடுத்துட்டு, அவங்க அஞ்சு மணி பஸ்ஸுல வந்து கோயில்கிட்ட எறங்கித் திருப்பி வாங்கிக்கறாங்க."