பர்மிட் இல்லாம கத்துன குரங்கு

ஒரு காட்டுல, அதுவும் ஆபீஸ் வச்ச காட்டுல, கொளஞ்சின்னு ஒரு கருமூஞ்சிக் குரங்கு இருந்தான். பால்குடி வயசுல அம்மா வயித்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஆத்தத் தாண்டி வந்தவன். அக்கரை எப்படி இருக்கும்னுகூட அவனுக்குத் தெரியாது.

வேலை? மரத்து உச்சியில உக்காந்து, புலி வந்தா கத்துறது. அத நம்பித்தான் கீழ மானுங்க தல குனிஞ்சி மேயும். கொழந்தையா வந்தவங்களத் தொரத்தக் கூடாது, வேலைக்குப் பர்மிட் குடுக்கணும்னு காட்டுல சட்டமே இருந்துச்சு. ஆனா பர்மிட்ட அப்பப்போ புதுப்பிக்கணும். இந்தத் தடவ பழசு முடிஞ்சும் புதுசு வரல. கொளஞ்சி ஆபீசுக்கே போயிட்டான்.

ஆபீசர் முள்ளம்பன்னி. தன் முதுகு முள்ள உருவித்தான் கையெழுத்தே போடுவாரு. அதனால கையெழுத்துன்னாலே அவருக்கு எரிச்சல்.

"ஆத்தத் தாண்டி ஏன்டா வந்த?"

"அம்மா வந்தாங்க சார். நான் தொங்கிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு இதுல சம்மதம் இல்லன்னு பாதி ஆத்துல எறங்கியிருக்கலாம்ல?"

"செத்திருப்பேன் சார்."

"ஃபைல் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். சரி, சட்டத்தையே மேல திரும்பப் பாக்குறாங்களாம். அதுவரைக்கும் வேலை பாக்காத. சத்தம் கேட்டுச்சு, அக்கரைக்கு அனுப்பிருவேன்."

கொளஞ்சி மரத்துல ஏறி, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்தான். கீழ செவத்திங்கிற மான் தன் குட்டியோட மேயுறா. பாத்தா, புதருக்குள்ள மஞ்சளா ஒண்ணு நகருது.

கத்துனா காடு போச்சு. கத்தலன்னா செவத்தி போச்சு. ஒரு கை வாயப் பொத்துது, இன்னொரு கை அந்தக் கையப் புடிச்சி இழுக்குது. கத்திட்டான்.

மானுங்க எடுத்துச்சு பாரு ஓட்டம்! புலி வெறும் வாயோட நின்னுச்சு. சாயங்காலமே விசாரணை வச்சாரு ஆபீசர்.

"கத்துனது இவன்தானா?"

"இவனேதான் சார்!" செவத்திக்குப் பெருமை தாங்கல. "என்னா கத்து! நானும் என் குட்டியும் உசுரோட நிக்கிறோம்னா இவனாலதான். எழுதிக்கோங்க."

எழுதிக்கிட்டாரு. "பர்மிட் இல்லாம வேலை பாத்திருக்கான். சாட்சியும் இருக்கு. அனுப்புங்க இவன."

கொளஞ்சி கேட்டான்: "அந்தப் புலிய ஒண்ணும் கேக்க மாட்டீங்களா சார்?"

"அத என்னடா கேக்குறது? அது இங்கயே பொறந்தது."

கொளஞ்சிய ஆத்துல எறக்கி விட்டாங்க. செவத்தி கரையில நின்னு ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே நிமிஷத்துக்கு ஒரு தரம் முதுகுக்குப் பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டா.

நீதி: காப்பாத்தணும்னா பர்மிட் வாங்கிட்டுக் காப்பாத்து. கடிக்கணும்னா இங்கயே பொறந்துக்கோ.