அடித்த வரிக்குக் கீழே புள்ளிகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாம் சௌக்கியம். முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி. உன் சௌக்கியத்தை உன் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இரண்டு உத்தரவுகள்தான் கிடைத்தன. ஒன்று, பத்திரிகையில் நான் எழுதிய பத்திக்கு அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும். இரண்டு, ‘அந்தப் பெண்மணியை’ அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் உன்னிடம் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உன் பதவி உயர்வு போய்விடும், நீயும் இந்த வாசலை மிதிக்க மாட்டாய். எழுபத்து நான்கு வயதில் எனக்கு வந்த முதல் அரசாணை. அதுவும் பெற்ற பிள்ளையின் கையெழுத்தில்.

அந்தப் பெண்மணி யாரென்று உனக்குத் தெரியாதா? அச்சகத்தில் இருபத்தாறு வருடம் என் புத்தகங்களுக்கெல்லாம் புரூஃப் பார்த்தவர். அரை டவுசரோடு ‘புரூஃப் அத்தை, புரூஃப் அத்தை’ என்று நீ அவர் பின்னால் ஓடுவாய். உன் அம்மா போனபின் ஒன்பது வருடம் இந்த வீட்டில் நான் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் கண்புரை அறுவைக்குப் பிறகு, ஒரு மாதம் எனக்குப் படித்துக் காட்ட அவர் வந்தார். கண் சீக்கிரமே சரியாகிவிட்டது, நான் மூச்சு விடவில்லை. மூன்றாவது மாதம், எதிர்ச் சுவர்க் காலண்டரில் தேதி கிழிக்கவில்லையே என்று வாய்தவறி உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், “தெரியும் சார். ரெண்டு மாசமாத் தெரியும். மேல படிக்கட்டுமா?” என்றார். அதன்பின் அவரும் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. வெட்கப்படும் வயது எனக்குத் தாண்டிவிட்டது, சந்தோஷப்படும் வயது இன்னும் பாக்கியிருக்கிறது.

இனி அந்தப் பத்தி. இங்கே நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பட்டியல் வாராவாரம் காவல் நிலையத்துக்குப் போகிறது. கேள்விப்பட்ட அன்றே பேனாவை எடுத்தேன். ‘நான் என்ன படிக்கிறேன் என்று என் மனைவிகூடக் கேட்டதில்லை, காவல் நிலையத்துக்கு ஏன் இத்தனை அக்கறை?’ என்று ஆரம்பித்து ஆறு வரி எழுதினேன். எழுதினேனே தவிர, புரூஃப் வந்ததும் உன் முகம் நினைவுக்கு வந்து பயமாகிவிட்டது. ஆறு வரியையும் பேனாவால் அடித்துவிட்டேன். அத்தை வாங்கிப் பார்த்தார். அடித்த வரிகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். அச்சகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அடித்தது தவறு, அப்படியே இருக்கட்டும். அப்படியே வந்தது. ஊரே படித்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?” என்று குதித்தேன்.

“இத்தனை வருஷமாத் தப்பைத்தானே சார் அடிச்சிருக்கோம்? இதுல எது தப்புன்னு காட்டுங்க, நானே அடிக்கிறேன்” என்றார்.

அப்புறம் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, என் வாக்குமூலத்தை அவரே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். அவ்வளவுதான், அத்தை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். “‘மக்களைத் தூண்டினேன்’னு போட்டிருக்கீங்களே, யாரைத் தூண்டினார்? பேரு வேணாமா? ‘பலர்’னா எத்தனை பேரு? விசாரிச்சு, சுத்தமா எழுதிட்டு வாங்க தம்பி.” ஓரமெல்லாம் கேள்விக்குறி. அந்த மனிதர், பாவம், மறுநாள் நல்ல பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். அதில் என் பெயரும் முகவரியும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே மகனே, வருத்தம் தெரிவிக்க மாட்டேன். எனக்கிருக்கும் ஒரே வருத்தம் அந்த ஆறு வரியை அடித்தது. அத்தையையும் அனுப்ப மாட்டேன். ‘அந்த ஆள் உன் அப்பாவா?’ என்று உன் மேலதிகாரி கேட்டால், ஆமாம் என்று நிமிர்ந்து சொல். முடியாவிட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள், கோபப்பட மாட்டேன். ஆனால் வந்துவிட்டுப் போ. மருமகளுக்கு என் அன்பு, பேத்தியின் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம். எல்லோரும் நினைத்ததைப் படித்துக்கொண்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
யாருக்கும் பணியாத
உன் அப்பா

பின்குறிப்பு: தம்பி, இது புரூஃப் அத்தை. இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, வெகுநேரம் உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வரி விடாமல் அடித்துவிட்டு, ‘நீ சொன்னபடியே செய்கிறேன், வந்து கூட்டிக்கொண்டு போ’ என்று வேறு தாளில் எழுதினார். அந்தத் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு வார்த்தைகூடச் சரியில்லை. இந்தக் கடிதத்தில் அடித்த வரிகளுக்குக் கீழே நீ பார்க்கும் புள்ளிகள் நான் வைத்தவை. அவரும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தபால்தலை வாங்கப் போயிருக்கிறார்.