எட்டே எட்டு போல்ட்தான், மாமா

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நலமான பிறகு இதைப் படிக்கவும். இங்கே அப்பா, அம்மா, நான், ஒன்பது மாடுகள், உங்கள் டிராக்டர் எல்லோரும் சௌக்கியம். கடைசியாகச் சொன்னவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நடுவில் பாதியைத் தள்ளி, கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கூப்பிடுவீர்கள். கடிதத்தை அப்படித் தள்ள முடியாது. வரிசையாகப் படித்தால் உங்களுக்கே என் பக்க நியாயம் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, "வண்டில நீ ஒரு ஓட்டை போட்டேன்னு தெரிஞ்சுது, உன் கம்ப்யூட்டர்ல நான் ட்ரில் விடுவேன்" என்றீர்களே, அந்தப் பேச்சை நான் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறேன். ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. டிராக்டர் செய்தவனே என்ஜினுக்கு இரண்டு பக்கமும், பக்கத்துக்கு நாலாக எட்டு ஓட்டைகளை மரையோடு விட்டு வைத்திருக்கிறான். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த எட்டு ஓட்டைகளில் எட்டு போல்ட் மாட்டியிருக்கிறேன். அந்த எட்டு போல்ட்டில் ஒரு லோடர் மாட்டியிருக்கிறது.

ஆமாம், லோடர். ரோடு போடுகிற இடத்தில் மண் அள்ளும் வண்டிக்கு முன்னால் இரண்டு இரும்புக் கையும் பெரிய அள்ளுவாளியும் இருக்குமே, அதேதான், வீட்டிலேயே செய்தது. பதற வேண்டாம். எட்டு போல்ட்டையும் கழற்றினால் ஒரு மணி நேரத்தில் உங்கள் டிராக்டர் பழைய டிராக்டர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காரணம் அப்பாவின் முதுகு. ஒன்பது மாடு போடுகிற சாணியை அவர் ஒற்றை ஆளாக மண்வெட்டியால் அள்ளி, தள்ளுவண்டியில் ஏற்றி, தோட்டத்துக் குழிவரை தள்ளுவது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் குனிந்தவர், குனிந்தபடியே வீட்டுக்குள் வந்தார். "இனிமே மண்வெட்டிய போட்டோல பாத்தா போதும்" என்றார் டாக்டர். அப்பா சரி என்று தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலண்டர் ஓரத்தில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது, பெயர் இல்லாமல். போட்டுப் பார்த்தேன். மாட்டு வியாபாரி. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

எனக்கு வெல்டிங் தெரியுமா என்று கேட்பீர்கள். நான் பார்க்கிற சேனலில் முகமூடிக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். பேசவே மாட்டார், வெறும் வேலைதான், சும்மா தெறிக்கவிடுவார் மாமா! அவர் இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு லோடர் செய்து முடித்தார். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அவர் வீடியோவை வேகமாக ஓடவிட்டு வெட்டி ஒட்டியிருக்கிறார் என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் உறைத்தது. இருந்தாலும் என் கமெண்ட்டுக்கு ஒருமுறை ஹார்ட் போட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, வந்ததும் காட்டுகிறேன். முதலில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி லோடர் செய்து டிராக்டரில் கட்டிப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது, அட்டையில் எல்லாமே அருமையாகத்தான் வேலை செய்யும் போல. இரும்புக்கு எங்கே போவது என்று பார்த்தால் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாலு கால் ஸ்டாண்டு சும்மா நின்றுகொண்டிருந்தது. சரி, சும்மா இல்லை, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. இப்போது தொட்டி மொட்டை மாடித் தரையில் உட்கார்ந்திருக்கிறது, ஷவரில் தண்ணீர் யோசித்து யோசித்து வருகிறது, அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொறுமையாகக் குளிக்கிறார், முதுகுக்கு அதுவும் நல்லதுதானாம்.

என் வெல்டிங்கைப் பார்த்த பட்டறை அண்ணன், "என்ன பாப்பா, பத்த வச்சியா இல்ல காக்கா எச்சம் போட்டுட்டுப் போச்சா?" என்றார். அவ்வளவு பேசினாலும் நல்ல மனுஷர். வாளியைத் தூக்குவதற்கு, உடைசல் லாரிகளிலிருந்து கழற்றிய இரண்டு ஹைட்ராலிக் உருளைகளை அவர்தான் கொடுத்தார். இரண்டும் இரண்டு லாரியுடையவை. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. லீவரைத் தள்ளினால் ஒல்லி முதலில் எழுந்துவிடும், குண்டு ஆற அமர வரும், அள்ளுவாளி பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒரே அளவில் ஜோடி உருளை கிடைத்து மாட்டிய அன்று ஆயில் ஹோஸ் பிய்த்துக்கொண்டு, அம்மா தைத்து, துவைத்து, கொடியில் போட்டிருந்த பன்னிரண்டு ஸ்கூல் சட்டைகளின் மேல் பீய்ச்சியடித்தது. அம்மா பன்னிரண்டையும் மறுபடி தைத்தாள். தைக்கும்போது மெஷின் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது. எல்லாம் முடிந்து, மஞ்சள் பெயின்ட்கூட அடித்து, "அப்பா, ஏறுங்க!" என்றேன். அப்பா வந்தார், பார்த்தார், ஒரு சுற்று சுற்றினார், இன்னொரு சுற்று சுற்றினார். "எந்தப் பக்கமா ஏறணும்?" என்றார். லோடரின் கைகளைத் தாங்குகிற கம்பங்களை, இரண்டு பக்கமும், சீட்டுக்கு ஏறுகிற இடத்திலேயே நட்டு வைத்திருக்கிறேன். ஏழு வாரம் டிராக்டரை அங்குலம் அங்குலமாக அளந்தேன் மாமா, மனிதனை அளக்கவில்லை. முதுகு சரியில்லாதவருக்காகச் செய்த வண்டியில், முதுகு சரியில்லாதவர் ஏற முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா என் தலையைத் தட்டி, "விடு, பாக்க லட்சணமாதான் இருக்கு" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா, வாயில் குண்டூசியோடு வெளியே வந்தாள். கம்பத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பார்த்தாள். ஒரு தோளை முதலில் விட்டாள், அப்புறம் இடுப்பு, அப்புறம் கால், அவ்வளவுதான், சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அதே அகலம் மாமா! இருபது வருடமாக அதில் நுழைந்து பழகிய உடம்பு.

"இறங்கு, உனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் அப்பா.

"மெஷின் மிதிக்கிற கால்தான இது? எங்க கிளட்ச்சு?"

நான் காட்டினேன். பூப்போல மிதித்தாள். வண்டி பூப்போல நகர்ந்தது. சாணிக் குவியலில் வாளியைச் சொருகி, நிறைய அள்ளித் தூக்கினாள். தூக்கியதும் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுவிட்டன. உங்கள் டிராக்டர் குவியலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது. முதுகு, டாக்டர் எல்லாவற்றையும் மறந்து அப்பா ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டார். "அப்பா, உங்க முதுகு!" என்று கத்தினேன். "என் தொப்பை இப்பவாவது உதவட்டும்டி!" என்றார். வண்டி நிதானமாக இறங்கியது. மறுநாளே ஒரு டிரம்மில் கான்கிரீட் ஊற்றிப் பின்னால் மாட்டிவிட்டேன், அப்பாவுக்கு விடுதலை.

இப்போது தினம் காலையில் அம்மா பத்து நிமிடத்தில் மொத்தச் சாணியையும் குழியில் சேர்த்துவிடுகிறாள். வேலை முடிந்த பிறகும் இறங்குவதில்லை. காரணம் கேட்டால், சின்ன வயதில் நீங்கள் தாத்தாவின் டிராக்டரை ஓட்டும்போது அவளை மட்கார்டில் உட்காரவைத்து, "அக்கா, இதெல்லாம் உனக்கு வராது" என்பீர்களாம். அப்படியா மாமா?

ஆனால் காலண்டர் ஓரத்தில் அந்த நம்பர் இன்னும் இருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால், "வண்டி உன் மாமாவோடது. கழட்டுன்னு சொன்னா கழட்டணும், அப்ப மாட்ட வித்துத்தான் ஆகணும்" என்கிறார் அப்பா. அதனால் சனிக்கிழமை நீங்கள் லீவுக்கு வந்ததும், பார்த்து, யோசித்து, முடிந்தால் சிரித்து, ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சத்தியமாக ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுகிறேன். எட்டே எட்டு போல்ட்தான்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தத்துக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஓட்டை போடாத உங்கள் மருமகள்

பி.கு.: கூரியருக்குக் கொடுக்கப் போன கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "கழட்டிடறியா? எத?" என்றாள். என் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு எட்டு போல்ட்டின் தலையையும் லோடர் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றி வெல்டிங் அடித்துவிட்டாள். முதல் தடவை மாமா! "ஓரம் தைக்கிற மாதிரிதான, கை நேராப் போனா போதும்" என்றாள். பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இது யாரு போட்டது?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அப்பா காலண்டர் ஓரத்தைக் கிழித்து, சுருட்டி, காது குடைந்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்ல வேண்டாமாம். அம்மாவே டிராக்டரில் வருகிறாளாம். உங்களுக்காக மட்கார்டைத் துடைத்து வைத்திருக்கிறோம்.