காருக்காகப் பழகிய கையெழுத்து

கையெழுத்து பந்தாவாக இருந்தால் ஆளும் பெரிய ஆளாகிவிடுவான் என்று கல்யாணமான புதிதில் நான் உறுதியாக நம்பினேன். (அந்த வயதில் எதைத்தான் நம்பவில்லை!)

அது மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை அடக்க ஊரடங்கு போட்டிருந்த அவசரகாலம். மலாக்கா டவுனில் எனக்குக் குமாஸ்தா வேலை. மனைவி லோகாம்பாளுக்கு செலண்டார் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியை வேலை, அங்கேயே வீடு. வேலை முடிந்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் ஊரடங்கு தொடங்கித் தோட்டத்து கேட்டை மூடிவிடுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் புருஷன். மற்ற நாட்களில் டவுனில் ஒண்டிக்கட்டை. அவளைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார் இருந்தால் தினமும் வீடு போய்ச் சேரலாம். மாத வாடகைக்குப் பழைய கார் கொடுக்கும் கம்பெனியில் இருவரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். என் சம்பளம் மட்டும் போதாது, மனைவியும் கூட்டாகச் சேர வேண்டும், இருவரும் நேரில் வந்து மனுவில் போட்ட அதே கையெழுத்தை ஒப்பந்தத்திலும் போட வேண்டும் என்றார்கள்.

ப்பூ, இவ்வளவுதானா! ஆனால் கார்க்காரனுக்கு என் பழைய கோழிக்கிறுக்கல் பொருந்துமா? ஆபீஸ் துரையின் கையெழுத்தைப் பார்த்துச் சுழியும் வாலுமாகப் புதிதாக ஒன்றைப் பழகிக்கொண்டேன்.

ஒப்பந்தம் போட வேண்டிய திங்கட்கிழமை லோகா லீவு போட்டு கம்பெனிக்கு வந்தாள். முதலில் அவள் தமிழில், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டாள். எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகு நான் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரே வீச்சாக வீசினேன். வால் அவள் பெயரையும் அடித்துக்கொண்டு போய் நின்றது.

மேலாளர் தணிகாசலம் மனுவைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, மனுல போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப இது?”

“இதுவும் நான்தான். புதுசு சார்.”

“காலம் கெட்டுக் கிடக்குலா! ஆள் மாறாட்டம் பண்ணிக் காரை எடுத்துட்டுப் போனா, போலீஸ் என் கழுத்தைத்தான் புடிக்கும்.” லோகா பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானா?”

ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இல்லீங்க. இதை நான் பார்த்ததே இல்ல.”

“ஐயோ, காரு போச்சுலா!” என்று ஆபீசே திரும்பிப் பார்க்க அலறிவிட்டேன்.

“ஆளு இவருதாங்க,” என்றாள் அவசரமாக. “கையெழுத்துதான் இவருது இல்ல.”

தணிகாசலம் சிரித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தார். “டீச்சரம்மா பேரு மேல இருக்கட்டும், தம்பி கீழ போடட்டும். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க.”

வியர்க்க வியர்க்கப் பழைய கோழிக்கிறுக்கலையே போட்டேன். லோகா உற்றுப் பார்த்து, “சரிங்க” என்றாள்.

அன்று கேட் மூடுமுன் காரில் தோட்டத்துக்குள் நுழைந்தோம். திங்கட்கிழமையில் என் வீட்டுச் சோறு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆனால் இன்றும் நான் எதில் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளைகள் அதை உடனே எடுத்துக்கொள்வதில்லை. சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்கள்:

“அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. இது அப்பாதானா?”