மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த மிதவைச் சட்டை

என் மகளைக் கைப்பிடித்ததோடு நில்லாமல் என் உடல்நலத்தையும் கையில் எடுத்துக்கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அந்த நலத்தில் என் மூக்கையும் காதையும் சேர்க்க வேண்டாம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்பவருக்கு என்ன வந்தது?

எங்கள் கல்யாண நாளுக்கு நால்வருமாகக் கடலுக்கடியில் இறங்கி மீன் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டது நீங்கள். அன்றிலிருந்து உங்கள் அத்தைக்கு மீன் நினைப்புதான். சரியென்று கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு மிதவைச் சட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று ஜாக்கெட், காற்றடித்தால் இடுப்பு, விலா, தோள் என்று சுற்றிலும் உப்பும். மற்றது விங், முதுகில் மட்டும் உப்பும். ஜாக்கெட்டை எனக்கு மாட்டிப் பொத்தானை அழுத்தினார். மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "புதுசா பழகுறவங்களுக்கு இதுதான் சார் நல்லது, தண்ணிக்கு மேல நிமிர்த்தி வெச்சிருக்கும்" என்றார். அவர் பாவம், தினமும் இதை விற்கிறவர், அவருக்கு என்ன தெரியும்? உங்களுக்கல்லவா போன் போட்டேன்! "மாமா, ஜாக்கெட்டெல்லாம் கத்துக்குட்டிங்க போடுறது. உங்க கம்பீரத்துக்கு விங்தான்" என்றீர்கள். கம்பீரம் என்றதும் விழுந்தேன். உங்கள் அத்தையோ, "நான் கத்துக்குட்டிதாங்க, எனக்கு ஜாக்கெட்டையே கட்டுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

கடலுக்கு முன் பயிற்சிக்காக நீச்சல் குளத்தில் இறங்கியதும், மிதக்க வேண்டுமே என்ற பயத்தில் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். முதுகில் பை பூதமாக உப்பி, என்னைக் குப்புறத் தள்ளியது. மூச்சு விட வாயில் வைத்திருந்த குழாயும் நழுவிவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் கரையிலிருந்து, "சார், காத்தைக் குறைங்க! பின்னால சாயுங்க!" என்று கத்தினாளாம். தண்ணீருக்குள் எனக்குக் 'காத்து' மட்டும்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் அடித்தேன். உங்கள் அத்தை ஜாக்கெட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது போல மிதந்துகொண்டு பக்கத்து அம்மாளிடம், "அவர் எப்பவும் இப்படித்தான், எதையாவது கீழ போட்டுட்டுத் தேடிட்டிருப்பார்" என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கால் உதைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் அலறியடித்துக்கொண்டு வந்து என்னைப் புரட்டிப் போட்டாள். நான் குடித்த தண்ணீரில் குளமே ஒரு படி இறங்கியிருக்கும். கரையேறியதும் என் தலையைத் துவட்டியபடி, "போதுங்க. கடலும் வேண்டாம், மீனும் வேண்டாம்" என்றாள். இத்தனை நாள் மீன் மீன் என்று பூரித்தவளை அப்படிப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, அந்தக் கம்பீரத்தை மடித்துப் பையில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகவும். இனி உங்கள் யோசனை எதையும் இந்த வீடு தாங்காது.

நீங்களும் என் மகளும் எல்லாச் செல்வமும் பெற்று, கரையிலேயே நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன், பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று குளத்துக்குப் போனோம். அந்தப் பெண், "மேல மிதக்கிறப்ப கொஞ்சமா காத்து போதும் சார். ஒரே ஒரு தடவை அடியில வந்து பாருங்க" என்று அங்கிருந்த விங்கை எனக்கும் ஜாக்கெட்டை உங்கள் அத்தைக்கும் மாட்டிவிட்டுக் கூட்டிப் போனாள். அடியில் போனால் இந்த விங் வேறு சமாச்சாரம்! மெத்தையில் குப்புறப் படுத்தவன் மாதிரி மட்டமாக மிதந்தேன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. உங்கள் அத்தைதான் ஜாக்கெட்டோடு பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றபடியே, என்னைப் பார்த்துக் கைதட்டினாள். சட்டையை எடுக்க வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். நாங்கள் இருவரும் முன்னாலேயே கடலுக்குக் கிளம்புகிறோம். நீங்கள் சொன்னது சரிதான் என்று நான் எழுதியதை மட்டும் என் மகளிடம் காட்டிவிடாதீர்கள்.