கேட்டை நட்சத்திரத்துக்குச் செய்த அர்ச்சனை

சிவமயம்

கோப்பாய்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆரணிக்கு,

பெரியம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் பெரியப்பாவும் சுகம். நீயும் அந்தக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். ரெலிபோனில் சொல்ல நாக்கு எழும்பாததால்தான் கடுதாசியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இருந்துகொண்டு வாசி. வெள்ளிக்கிழமை போகவிருக்கும் உன் கட்டுரையை அனுப்பாதே.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த நீ சைக்கிளால் விழுந்து கையை முறித்தபோது, நீ சொல்லச் சொல்ல நான் லப்டொப்பில் தட்டித்தானே இந்த வேலையைப் பழகினேன். நட்சத்திரம் அனுப்பும் எக்ஸ் கதிரின் கோட்டுக்கு மேல் நாங்கள் கீறும் கோடு பொருந்துகிறதா என்று, துணியில் அளவுச் சட்டையை வைத்துப் பார்ப்பதுபோலப் பார்ப்பது. பொருந்தினால் ஓர் எண் வரும், பக்கத்தில் ‘கூடக்குறைய இவ்வளவு’ என்று இன்னோர் எண் வரும். இரண்டையும் நான் கொப்பியில் நிரல் போட்டு எழுதி வந்தேன். அந்த நட்சத்திரத்தின் ஒன்பது வருடத்துக்கு முந்திய பதிவை எக்ஸ்ஸ்பெக் என்ற கணக்குப் புரோகிராமில் செய்தோம். கூடக்குறைய பன்னிரண்டு வந்தது. இவ்வளவு அகலமாக இருந்தால் நட்சத்திரம் மாறியதா இல்லையா என்று சொல்ல ஏலாது என்று நீ கண் கலங்கினாய். திரும்பிப் போனபின், “பெரியம்மா, இந்த வருசத்துப் புதுப் பதிவை ஷேர்ப்பா எண்ட மற்றப் புரோகிராமிலை செய்யுங்கோ, இஞ்சை எல்லாரும் அதுக்கு மாறீட்டினம்” என்றாய். பெரியப்பா அப்போதே சொன்னார்: “ஷேர்ப்பா எண்டால் மலையிலை மூட்டை காவுறவனெல்லே. அவனை நம்பி ஏறிப்போட்டு நடுவழியிலை நிக்கப்போறீர்.”

நான் கேட்கவில்லை. கூடக்குறைய ஒடுங்கினால் நூற்றெட்டு மோதகம் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு ஷேர்ப்பாவை ஓட்டினேன். ஏழு வந்தது! நான் உன்னிடம் சொல்ல, நீ பேராசிரியரிடம் சொல்ல, பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றையொன்று முட்டாததால் நட்சத்திரம் மாறித்தான் விட்டது என்று முடிவாகி, கட்டுரையின் கடைசியில் என் பெயரையும் போட்டுவிட்டீர்கள். நான் மோதகத்தோடு கோயிலுக்குப் போனேன். “பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் ஐயர். “நட்சத்திரத்துக்குத்தான் ஐயா அர்ச்சனை.” “ஓமம்மா, என்ன நட்சத்திரம்?” “அதுக்குப் பேரில்லை, நம்பர்தான்.” ஐயர் தட்டைக் கீழே வைத்தார். “ராசியாவது இருக்கோ?” “விருச்சிகத்திலை நிக்குது.” பின்னால் நின்ற தர்சினி ரீச்சர், “அன்ரி, கெதியாச் சொல்லுங்கோ, எனக்கு பஸ் போகப்போகுது” என்றா. “அப்ப கேட்டை எண்டு வைப்பம்” என்றார் ஐயர். நானும் “ஓம்” என்றுவிட்டேன். சந்நிதியில் நின்று சொன்ன பொய். அதற்குத்தான் இந்தத் தண்டனையோ தெரியாது.

கொப்பியில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பழைய பதிவையும் ஷேர்ப்பாவில் ஓட்டிப் பார்த்தேன். மகள், அதிலும் பன்னிரண்டு ஏழாகிவிட்டது! ஒன்பது வருடத்துக்கு முந்திய பதிவு என் மோதகத்துக்கு ஒடுங்குமா? அகராதியை வைத்துக்கொண்டு உதவிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸ்ஸ்பெக் நூற்றுக்குத் தொண்ணூறு நம்பிக்கைக்கு அகலம் சொல்லுமாம். ஷேர்ப்பா அறுபத்தெட்டுக்குத்தான் சொல்லுமாம். நம்பிக்கை குறைந்தால் அகலமும் ஒடுங்குமாம். பெரிய கொத்தால் அளந்த அரிசியையும் சின்னச் சுண்டால் அளந்த அரிசியையும் பக்கத்தில் வைத்து, எண்ணிக்கையை ஒப்பிட்ட விசரி நான். ஷேர்ப்பாவுக்கும் தொண்ணூறு என்று சொன்னேன். ஏழு திரும்பப் பன்னிரண்டாகிவிட்டது. பழைய பதிவின் எண்ணும் புதுப் பதிவின் எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன. மாறினது நட்சத்திரம் இல்லை மகள், நான் பிடித்த சுண்டுதான்.

பெரியப்பா ஒரு கிழமைக்குச் சிரிக்கப் பொருள் கிடைத்த மனிசனாகத் திரிகிறார். “பிள்ளையாருக்கு நூத்தெட்டெல்லே குடுத்தனீர்? அவருக்கு அறுபத்தெட்டுத்தான் சேரும். மிச்சத்தைத் திருப்பிக் கேளும்” என்கிறார். தர்சினி ரீச்சர் படலையடியில் நின்று, “அன்ரி, உங்கடை கேட்டை எப்பிடி இருக்கு?” என்று கேட்டபோது கிணற்றடிப் பக்கம் போய் ஒளித்தேன். பிள்ளையார் முகத்தையும் இரண்டு நாளாக நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேராசிரியரிடம் பிழை முழுக்கப் பெரியம்மாவின் பிழை என்று சொல்லு. என் பெயரை எடுத்துவிடு. அந்த இடத்தில் இருக்க எனக்கு அருகதை இல்லை. லப்டொப்பை மஞ்சள் துணியால் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்தச் சென்மத்தில் இனித் தொடமாட்டேன்.

உன் கணக்கெல்லாம் நேராக வரவும், நேராக வராத அன்று அதைச் சொல்லும் தைரியம் வரவும் பிள்ளையார் அருளட்டும்.

வெட்கத்துடன்,
பெரியம்மா
கமலாவதி சண்முகநாதன்

பி.கு.: லப்டொப்பை வெளியே எடுத்துவிட்டேன். நீ அனுப்பி நான் இன்னும் தொடாமல் மிச்சம் இருந்த ஏழு பதிவையும் தொண்ணூறிலேயே செய்து முடித்தாயிற்று, கொப்பிப் பக்கமும் படத்தோடு வருகிறது. பெயரை எடுக்கப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீ பாவம் அவரோடு மல்லுக்கு நிற்காதே. ஆனால் கமலாவதியை ஆங்கிலத்தில் எழுதி முடிக்கும்போது கடைசியில் ‘ஐ’ போட்டிருக்கிறீர்கள். என் அடையாள அட்டையில் ‘வை’. வெள்ளிக்கிழமைக்கு முதல் மாற்றச் சொல்லு.